வட ஆர்க்காட்டுக் கூலியும் வக்கீல் காந்தியும்

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி நேட்டாலுக்குச் சென்ற இந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு மனிதனும் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. இவ்வளவுதான் அவனைப் பற்றிச் சர்க்கார் எழுதி வைத்தது. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆர்க்காடு என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், 1911-இல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது வரை, ஏறக்குறைய 1,52,000 பேர் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே போனவர்கள். அப்படி ஆள் கொடுத்த தென்னாட்டு ஜில்லாக்களில் முன்னணியில் நின்றவற்றுள் வட ஆர்க்காடும் ஒன்று. பஞ்சமும் கடனும் ஒருபுறம் தள்ள, ஆள்பிடிக்கும் ஏஜெண்டின் ஆசை வார்த்தை மறுபுறம் இழுக்க, ஊர் பேர் தெரியாத ஒரு நாட்டுக்கு ஜனங்கள் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஜில்லாவின் ஒரு பகுதியைத் தோல் தொழிலின் பூமி என்று இன்று உலகம் அறிகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாக 2019-இல் அது பிரிந்துவிட்டது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வாழ்வு இன்றும் தோலையும் காலணியையும் பற்றியே நிற்கிறது. இப்பிரதேசத்து வியாபாரி சரக்கு விற்க ஐரோப்பாவுக்குப் போகிறான். அவனுக்கு விசா வேண்டும். இங்குள்ள தொழிலாளியின் மகன் பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குப் போகிறான். அவனுக்கு ஏமாற்றாத ஒப்பந்தம் வேண்டும். வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும் பிற இடங்களிலும் உள்ள முகாம்களில் இலங்கைத் தமிழர் பல ஆண்டுகளாக வாழ்கின்றனர். அவர்களுக்குக் குடியுரிமை வேண்டும். மூவருடைய நிலைமையும் வேறு வேறு. ஆயினும் மூவரும் ஒரு காகிதத்துக்காக ஏதோ ஓர் அதிகாரியின் மேஜை முன்னால் நிற்பவர்களே.

இப்படி நிற்பவர்களுக்காகத் தமது இளமை முழுவதையும் செலவிட்ட ஒரு வக்கீலின் சரித்திரத்தை நாம் இன்று வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவரைத் தேசம் மகாத்மா என்று அறியும். உப்புக் காய்ச்சியவராக, ராட்டை சுற்றியவராக, உண்ணாவிரதம் இருந்தவராக அவரை நாம் அறிவோம். அதற்கெல்லாம் முன்பு அவர் பர்மிட்டுகளையும் குடியிருப்புச் சான்றிதழ்களையும் பதிவுச் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு ஏழைகளுக்காக அலைந்த வக்கீல் என்பதை நாம் மறந்து வருகிறோம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தார். 1891 ஜூன் மாதம் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று உடனே தாய்நாடு திரும்பினார். பம்பாயில் அவர் ஏற்ற முதல் வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றவருக்கு நா எழவில்லை. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பிறகு ராஜ்கோட்டில் பிறருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினார். அந்த நிலையில்தான் தாதா அப்துல்லா கம்பெனியார் தங்கள் வழக்கில் உதவி செய்ய ஓராண்டுக் காலத்துக்கு 105 பவுன் சம்பளத்தில் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தார்கள். 1893 மே மாதம் அவர் டர்பன் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே அங்குள்ள நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றும்படி மாஜிஸ்திரேட் சொல்ல, அதற்கு உடன்படாமல் வெளியேறினார். அடுத்த மாதம் முதல் வகுப்பு டிக்கெட்டுடன் சென்றவரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்தச் சம்பவங்கள் யாவரும் அறிந்தவை.

அவர் வந்த வழக்கு இரண்டு இந்திய வியாபாரிகளுக்குள் நடந்தது. சுமார் 40,000 பவுன் சம்பந்தப்பட்டது. வழக்கை நீட்டித்து இரு தரப்பாரும் அழிவதைவிட மத்தியஸ்தத்துக்கு விடுவதே நலம் என்று இருவரையும் அவர் இணங்கச் செய்தார். தம் கட்சிக்காரர் ஜெயித்த பிறகு, தோற்றவர் ஒரே தடவையில் பணம் கட்ட நேர்ந்து திவாலாகிவிடாதபடி தவணைக்கும் ஏற்பாடு செய்தார். பிரிந்தவர்களை ஒன்றுசேர்ப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்று அப்போது தாம் கற்றதாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

வந்த வேலை முடிந்து ஊர் திரும்ப இருந்தவரை நிறுத்தியது ஒரு மசோதா. நேட்டால் சட்டசபையில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்திருந்தது. பிரிவுபசார விருந்திலேயே அவரைத் தங்கும்படி வியாபாரிகள் வேண்டினார்கள். பொதுவேலைக்குச் சம்பளம் வாங்குவதில்லை என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். தங்கள் சொந்த வழக்குகளை அவரிடம் ஒப்படைத்து அவர் பிழைப்புக்கு வழி செய்வதாக வியாபாரிகள் ஏற்றார்கள். சுமார் 10,000 பேர் கையெழுத்திட்ட மகஜர் லண்டனுக்குச் சென்றது. 1894 ஆகஸ்டு 22-ஆம் தேதி நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதற்கு அடுத்த மாதம், வெள்ளை வக்கீல்களின் சங்கம் ஆட்சேபித்தும், நேட்டாலின் உயர்ந்த நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது. அன்று பிரதம நீதிபதி தலைப்பாகையை எடுக்கச் சொன்னபோது அவர் எடுத்துவிட்டார். சிறு விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பெரிய விஷயத்துக்குப் பலம் சேர்க்கும் வித்தையை அவர் அதற்குள் கற்றிருந்தார்.

அதுவரை அவரைச் சுற்றி இருந்தவர்கள் வியாபாரிகளும் குமாஸ்தாக்களுமே. ஒப்பந்தக் கூலிகள் அவரை அறியார். அவரும் அவர்களை அறியார். வக்கீலாகி மூன்று நான்கு மாதங்கள் கூட ஆகாத ஒரு நாள், கிழிந்த உடையும் இரத்தம் வழியும் வாயுமாக ஒரு தமிழன் அவருடைய அலுவலகத்தில் வந்து அழுதுகொண்டு நின்றான். அவன் பெயர் பாலசுந்தரம். டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் வேலை செய்தவன். எஜமானர் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்துவிட்டன. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். வெள்ளையர் முன்னால் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். அந்த வழக்கத்தை ஓர் இந்தியன் முன்னாலும் அவன் கைக்கொண்டது காந்தியின் நெஞ்சைச் சுட்டது. துணியை மறுபடி தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவருடைய குமாஸ்தா ஒரு தமிழராகையால் விஷயத்தைக் கேட்டு அறிய முடிந்தது.

இந்த இடத்தில் அந்நாட்டுச் சட்டத்தை நாம் கவனிக்க வேண்டும். சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் எஜமானர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், அவ்வளவே. ஒப்பந்தக் கூலி விட்டுப் போனாலோ அது கிரிமினல் குற்றம், சிறை உண்டு. அடி வாங்கியவன் ஓடினால் அவனே குற்றவாளி. தப்புவதற்கு இரண்டே வழிகள் இருந்தன. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறு எஜமானருக்கு மாற்ற வேண்டும். காந்தி முதலில் பாலசுந்தரத்தை வெள்ளைக்கார டாக்டரிடம் அழைத்துச் சென்று காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அங்கிருந்து நேரே மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பிரமாண வாக்குமூலம் கொடுக்கச் செய்தார். எஜமானருக்குச் சம்மன் பிறந்தது. ஆனால் அவருக்குத் தண்டனை வாங்கித் தருவது காந்தியின் நோக்கமன்று. கூலிக்கு விடுதலை கிடைத்தால் போதும் என்றார். எஜமானர் இணங்கினார், பாதுகாவலரும் இணங்கினார், புதிய எஜமானரையும் காந்தியே தேடிக் கண்டுபிடித்தார். சான்றிதழ், வாக்குமூலம், சமரசம், மாற்றுவழி என்று படிப்படியாக நடந்த இந்தச் சிறு வழக்கில் கட்சிக்காரனுக்குச் செலவும் இல்லை, சிறையும் இல்லை. கூலிகளுக்காக நிற்க ஒருவர் வந்துவிட்டார் என்ற செய்தி கரும்புத் தோட்டங்களில் பரவியது; சென்னை வரையிலும் எட்டியது. அதன் பிறகு அவருடைய அலுவலக வாசலில் கூலிகளின் கூட்டம் குறையவில்லை.

தமிழரோடு பழகத் தமிழும் படிக்க முயன்றார். பூரணமாக வரவில்லை. ஆனால் வட ஆர்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் போன இந்த ஏழைகளே பின்னால் அவருடைய சேனையாக ஆனார்கள்.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. சம்பளம் முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். அது முடிந்த பிறகு அந்த நாட்டிலேயே நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடவும் கடை வைக்கவும் இந்தியன் தலைப்பட்டான். வெள்ளையருக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுக்குக் கை வேண்டும், மனிதன் வேண்டாம். கூலியாக வரலாம், குடியாக இருக்கக் கூடாது என்பதே அவர்களுடைய கொள்கை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்குகிறவர்கள் ஆண்டுக்கு 25 பவுன் வரி கொடுக்க வேண்டும் என்று முதலில் யோசித்தார்கள். இந்திய வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதை 3 பவுனாகக் குறைத்துச் சம்மதித்தார். 1895-இல் சட்டம் ஆயிற்று. 16 வயதுக்கு மேற்பட்ட ஆணும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண்ணும் இதைக் கட்ட வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு வரி 12 பவுன். மாதம் 14 ஷில்லிங் சம்பாதிக்கிறவனுடைய ஆண்டு வருமானம் முழுவதையும் கூட்டினாலும் 9 பவுனைத் தாண்டாது. ஆகவே வரி கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும்.

காந்தி 1896-இல் இந்தியா வந்து சென்னை முதலிய நகரங்களில் இந்தக் கொடுமைகளை எடுத்துரைத்தார். குடும்பத்துடன் திரும்பியபோது டர்பன் துறைமுகத்தில் கப்பலை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். 1897 ஜனவரி 13-ஆம் தேதி கரை இறங்கிய அவரை வெள்ளையர் கூட்டம் கல்லாலும் உதையாலும் தாக்கியது. தாக்கியவர்கள் மீது வழக்குத் தொடரச் சர்க்காரே முன்வந்தும் அவர் மறுத்துவிட்டார்.

அதே 1897-இல் நேட்டால் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் செய்தது. அதில் இந்தியன் என்ற சொல்லே கிடையாது. புதிதாக வருகிறவன் ஓர் ஐரோப்பிய பாஷையில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. தமிழிலோ குஜராத்தியிலோ எவ்வளவு படித்தவனாயினும் அதில் தோற்றான். ஒப்பந்தக் கூலிக்கு மட்டும் இந்தப் பரீட்சை இல்லை. அவனுடைய கை அவர்களுக்குத் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் மந்திரி சேம்பர்லேன் இந்தத் தந்திரத்தை மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் சிபாரிசு செய்தார். 1901-இல் ஆஸ்திரேலியா இதைப் பின்பற்றிச் சொல்லெழுதும் பரீட்சை ஒன்றை ஏற்படுத்தியது. உலகில் இன்றும் எத்தனையோ விசா விதிகளில் நிறமும் தேசமும் பெயர் சொல்லாமல் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மூலப் பிரதிகளில் ஒன்று டர்பனில் எழுதப்பட்டது.

1901-இல் தாய்நாடு திரும்பிய காந்தியை 1902-இன் இறுதியில் தென்னாப்பிரிக்க இந்தியர் மறுபடி அழைத்தனர். 1903-இல் ஜோஹானஸ்பர்க் நகரில் அட்டர்னியாகப் பதிவு செய்துகொண்டு அலுவலகம் திறந்தார். போயர் யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. யுத்தத்தின்போது டிரான்ஸ்வாலை விட்டு ஓடிய இந்தியர்கள் தங்கள் கடைக்கும் வீட்டுக்கும் திரும்பப் பர்மிட் வாங்க வேண்டும். அதைக் கொடுப்பதற்கென்று ஆசியர் இலாகா ஒன்று ஏற்பட்டது. அங்கே நியாயமான உரிமை உள்ளவன் காத்துக் கிடந்தான்; உரிமை இல்லாதவன் 100 பவுன் கொடுத்து உள்ளே நுழைந்தான். காந்தி ஆத்திரப்பட்டுக் கூட்டம் போடவில்லை. சாட்சியங்களைப் பொறுமையுடன் திரட்டிப் போலீஸ் கமிஷனரிடம் கொண்டு சென்றார். இரண்டு அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் அவர்களை விடுதலை செய்துவிட்டார்கள். ஆயினும் சாட்சியம் அவ்வளவு பலமாக இருந்ததால் சர்க்கார் இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது. பிற்பாடு அதே அதிகாரிகள் நகரசபையில் வேலை தேடியபோது காந்தி குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தொழிலில் அவர் வைத்திருந்த விதி ஒன்று. பொய் வழக்கை ஏற்பதில்லை. நடுவில் பொய் என்று தெரிந்தால் அப்போதே விட்டுவிடுவது. அவருடைய நெருங்கிய நண்பர் பார்ஸி ருஸ்தம்ஜி சுங்கவரி ஏய்த்து அகப்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும்படியே அவருக்கு யோசனை சொன்னார். குடியேற்ற வழக்குகளுக்கு இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். ஒருவன் பிறந்த தேதியையோ உறவையோ மாற்றி எழுதிவிட்டால், அடுத்து வரும் பத்துப் பேருடைய உண்மைக் காகிதத்தையும் அதிகாரி நம்ப மாட்டான்.

இவ்வளவு நேர்மையுடன் காகிதம் தயாரித்த அதே வக்கீல், ஒரு காகிதத்தை வாங்கவே கூடாது என்று சொல்லும் நாளும் வந்தது. 1906 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு சட்ட நகலை வெளியிட்டது. 8 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியனும் பத்து விரல்களின் ரேகையையும் வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். போலீஸ்காரன் எங்கே கேட்டாலும் சீட்டைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல். குற்றவாளிகளிடம் வாங்குவது போன்ற ரேகையை ஒரு ஜாதி முழுவதிடமும் கேட்டார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க்கில் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் கடவுள் சாட்சியாக அதற்குப் பணிவதில்லை என்று பிரதிக்ஞை செய்தனர். சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். லண்டனுக்குத் தூது சென்று முதல் சட்டத்தைத் தடுத்தார் காந்தி. 1907-இல் டிரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி வந்ததும் அதே சட்டம் மீண்டும் நிறைவேறிற்று. சுமார் 13,000 இந்தியர்களில் பதிவு செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 500 பேர்தான்.

1908 ஜனவரி 10-ஆம் தேதி, தாம் எத்தனையோ முறை வக்கீலாக நின்ற அதே நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்று இரண்டு மாதச் சிறைவாசம் ஏற்றார். மாத இறுதியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் சமரசம் ஏற்பட்டது. இந்தியர் தாங்களே மனமுவந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் ரத்தாகும் என்று காந்தி நம்பினார். இந்தச் சமரசத்தைச் சிலர் துரோகம் என்று கருதினர். பிப்ரவரி 10-ஆம் தேதி பதிவுக்காகச் சென்றுகொண்டிருந்த அவரை மீர் ஆலம் என்ற பட்டாணியர் அடித்து வீழ்த்தினார். உடன் சென்ற தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. காயத்துடன் படுத்திருந்த இடத்திலேயே காந்தி கைரேகை கொடுத்தார். ஆனால் சட்டம் ரத்தாகவில்லை. ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் மசூதி மைதானத்தில் பெரிய கொப்பரையில் 2,000-க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் எரிந்தன. மனமுவந்து கொடுத்தது மரியாதை. கட்டாயத்தில் கொடுப்பது அடிமைத்தனம். இரண்டுக்கும் காகிதம் ஒன்றேயானாலும் பொருள் வேறு என்பதை அந்த நெருப்பு காட்டியது.

போராட்டம் நடக்கும்போதே நீதிமன்ற வேலையும் நின்றுவிடவில்லை. சட்டப்படி டிரான்ஸ்வாலில் வசித்த சோட்டாபாய் என்பவரின் மகன் மைனராகத் தந்தையுடன் வந்தவன். 16 வயது நிரம்பியதும் அவனுக்குப் பதிவு மறுத்து நாடு கடத்த உத்தரவிட்டார்கள். கீழே தோற்ற வழக்கு 1911-இல் மேல் நீதிமன்றத்தில் ஜெயித்தது. எத்தனையோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஒரு தீர்ப்பினால் பெற்றோரைப் பிரியாமல் தப்பினார்கள். நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கிய தமிழர்களைத் தேசபக்தர் ஜி. ஏ. நடேசன் ஆதரித்து உணவும் இடமும் தேடிக்கொடுத்தார். அவர்களில் திரும்பிப் போன நாராயணசாமி என்ற தொண்டர், எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதி பெறாமல் 1910-இல் டெலகோவா குடாவில் கப்பலிலேயே உயிர் நீத்தார். காகிதம் இல்லாத ஒரே குற்றத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்து நீதிபதி ஸர்ல் அளித்த தீர்ப்பினால், கிறிஸ்தவ முறையில் நடவாத, பதிவு செய்யப்படாத விவாகங்களுக்கு மதிப்பில்லை என்று ஆயிற்று. மனைவி என்ற உரிமையில் வந்த இந்தியப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். தமிழ்ப் பெண்கள் சிறை செல்லப் புறப்பட்டனர். அவர்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்க் கேட்டதும் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியின் தலைமையில் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்தாள். அவளுக்கு வயது பதினாறு.

1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. ஒரு மனைவியுள்ள இந்திய விவாகங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன. பெருவிரல் ரேகையுள்ள குடியிருப்புச் சான்றிதழைக் கொண்டு வருகிறவன் அதற்குரியவன் என்று தெரிந்தால், உள்ளே வர அவனுக்கு உரிமை உண்டு என்பதற்கு அந்தச் சான்றிதழே முடிவான சாட்சியம் என்றும் அச்சட்டம் கூறியது. அவமானத்தின் அடையாளமாயிருந்த ரேகை உரிமையின் அடையாளமாக மாறியது. ஜூலை 18-ஆம் தேதி காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

அவருடைய வேலை குறையற்றது என்று சொல்லுவது உண்மைக்கு விரோதம். ஆரம்ப ஆண்டுகளில் அவர் ஆப்பிரிக்க மக்களுக்காக வாதாடவில்லை. டர்பன் தபாலாபீஸில் அவர்களோடு ஒரே வாசலில் நுழைய நேர்வதைக் குறையாகக் கூறி, இந்தியருக்குத் தனி வாசல் கேட்டவர்களில் அவரும் ஒருவர். மாகாணம் விட்டு மாகாணம் செல்லத் தடை, நிலம் வாங்கத் தடை முதலியவை 1914-க்குப் பிறகும் நீடித்தன. புதிய இந்தியர் வரவு அநேகமாக நின்றேவிட்டது. இக்குறைகளை மறைப்பதால் அவர் பெரியவராகிவிட மாட்டார். சொன்னாலும் சிறியவராகிவிட மாட்டார்.

ராஜத்துவேஷத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அவருடைய பெயரை 1922-இல் லண்டன் இன்னர் டெம்பிள் வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கியது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1988-இல், பெயர் மறுபடி சேர்க்கப்பட்டது. சட்டத்தின் காகிதங்கள் எவ்வளவு மெதுவாக நியாயத்தை எட்டுகின்றன என்பதற்கு அவருடைய சொந்தக் காகிதமே அத்தாட்சி.

இனி நமது பிரதேசத்துக்கு வருவோம். அவர் இறந்த அதே 1948-இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் செய்து, தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சத் தமிழர்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகக் கணக்கிட்டுப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்களைக் கேட்டவர்கள் இல்லை. 1983-க்குப் பிறகு கலவரத்திலும் யுத்தத்திலும் தப்பி வந்தவர்களில் யாழ்ப்பாணத்தவரும் உண்டு, மலைநாட்டவரும் உண்டு. 2021 நவம்பரில் மேல்மொணவூரில் முகாம்வாசிகளுக்குப் புதிய வீடுகள் கட்ட முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். வீடு நல்லதே. ஆனால் முறையான பிரயாணச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்ற பெயரைச் சுமப்பதால், குடியுரிமை விண்ணப்பத்தின் வாசல் அவர்களுக்கு மூடியிருக்கிறது. 2019-இல் திருத்திய சட்டத்தில் சலுகை பெற்ற நாடுகளில் இலங்கை இல்லை.

எனினும் சட்டத்தில் உள்ள இடத்தையாவது நாம் பயன்படுத்தினோமா? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மண்டபம் முகாமில் அக்காலத்தில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இந்த உரிமை எவருடைய தயவும் அன்று. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, மனு எழுதி, கோர்ட்டுக்குப் போக ஒரு வக்கீல் இருந்தாரா இல்லையா என்பதே வித்தியாசம்.

வளைகுடாவுக்குப் போகிற நமது தொழிலாளியின் நிலையும் அதுவே. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டம் ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பாலசுந்தரத்தின் காலத்துப் பாதுகாவலர் என்ற பெயர் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்த அலுவலகம் இருப்பதை ஆம்பூரில் எத்தனை பேர் அறிவார்கள்? ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுக்கள் மாவட்டந்தோறும் உள்ளன. வாசலை ஏழைக்குக் காட்டுகிறவர்கள்தாம் குறைவு.

வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் நீதிமன்றங்களில் தொழில் நடத்தும் வக்கீல்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மகாத்மாவைப் போல் சிறைக்குப் போகும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுது முகாமுக்குப் போங்கள். வெளிநாடு செல்லும் தொழிலாளி கையெழுத்திடும் முன் அவனுடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். கட்டணம் கேட்காதீர்கள், பொய் எழுதாதீர்கள். தேச ஊழியர்களும் கூட்டங்களுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கச் செலவிடட்டும். சட்டமே அநீதியாக இருக்கும் இடத்தில், இலங்கைத் தமிழர் விஷயத்தில் இருப்பதுபோல், சட்டத்தை மாற்றும்படி சர்க்காரை வற்புறுத்துவது அதற்கு அடுத்த படி. முதல் படியை ஏறாமல் அடுத்ததற்குத் தாவ முடியாது என்பதே அந்த வக்கீலின் சரித்திரம்.

நேட்டாலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பழைய கப்பல் பட்டியலில் தங்கள் பாட்டன் பெயரைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்தால் அந்த ஒரு வரியைச் சாட்சியாகக் காட்டி, இந்திய வம்சத்தினருக்குரிய அடையாளச் சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அடிமைச் சாசனமாக எழுதப்பட்ட காகிதம் நூறாண்டு கழித்துப் பிறப்புரிமைச் சாசனமாகப் பயன்படுகிறது. மேல்மொணவூர் முகாமில் இன்று பிறக்கும் குழந்தைக்கும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. அது உரிமையாக மாற அதற்கும் நூறாண்டு வேண்டுமா என்று நாம் கேட்கிறோம்.